ஹாக்கி அணிகளை ஒப்பிடும்போது பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்

சேலத்தில் சாயங்காலம் தட்டுவடை செட்டுக் கடையில் நின்றால் கிரிக்கெட் பேச ஆள் நிறைய. நாங்கள் நாலு பேர் மட்டும் ஹாக்கி பேசுவோம். 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியதிலிருந்து எங்கள் வழக்கு ஒன்றுதான்: தமிழ்நாடு டிராகன்ஸ் பலமா, ஹைதராபாத் தூஃபான்ஸ் பலமா? அந்த முதல் தொடரின் அணிகளை வைத்துச் சண்டை போட்டபோது நாங்கள் செய்த தவறுகள் இவை.

முதலில் ஏல விலையைப் பிடித்துக்கொண்டோம். தூஃபான்ஸ் கொன்சாலோ பெய்லட்டை 68 லட்சத்துக்கு எடுத்தது, டிராகன்ஸ் ஜிப் யான்சனை 54 லட்சத்துக்கு. அதனால் தூஃபான்ஸ்தான் பலம் என்றான் நண்பன். ஆனால் அதே ஏலத்தில் எல்லோரையும்விட அதிக விலை போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அவரை எடுத்த சூர்மா அணி இறுதிப் போட்டிக்கே வரவில்லை. விலையைப் பார்த்தால் ஏலத்தில் எத்தனை பேர் போட்டி போட்டார்கள் என்பதுதான் தெரியும்.

பெரிய தவறு அடுத்தது. பெய்லட்டும் சரி, யான்சனும் சரி, பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோலருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் ஃபிளிக் அடிப்பவர்கள், அதாவது பந்தை மட்டையால் இழுத்து கோலை நோக்கி வீசுபவர்கள். இருவரில் யார் கெட்டிக்காரர் என்றே வாதாடினோம். பெனால்டி கார்னர் ஒரு ஆளின் வேலை இல்லை. எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ள வேண்டும், இன்னொருவர் கோல் முன்னால் இருக்கும் வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்த வேண்டும். நிறுத்துவது கொஞ்சம் பிசகினாலும் கோல் கோட்டிலிருந்து நான்கு தடுப்பாளர்கள் ஓடி வந்துவிடுவார்கள். இன்னொன்று, ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே எத்தனை தடவையும் ஆள் மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் அது முடியும்வரை மாற்ற முடியாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பர் விஷயத்தில் மட்டுமே விலக்கு. அந்த நேரத்தில் ஃபிளிக்கர் ஓய்வுக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் 68 லட்சமும் பெஞ்சில்தான். அதனால் களத்தில் இருக்கும் இரண்டாவது ஃபிளிக்கர் யார் என்பதையும் கேளுங்கள். டிராகன்ஸில் அமித் ரோஹிதாஸும் இருந்தார். இதைக் கணக்கில் சேர்த்த பிறகு எங்கள் வாதமே திசை மாறிவிட்டது.

அந்தத் தொடரில் ஒரு அணிக்கு 24 பேர். எல்லோரையும் கூட்டிப் பார்ப்பதும் வீண். அதில் 8 பேர் வெளிநாட்டவர், குறைந்தது 4 பேர் ஜூனியர்கள். ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர்தான்.

அப்புறம் கோல்கீப்பர். டிராகன்ஸுக்கு அயர்லாந்தின் டேவிட் ஹார்ட், தூஃபான்ஸ் ஏலத்தில் எடுத்தது ஜெர்மனியின் ஜான்-பால் டானெபெர்க்கை. 2023 உலகக் கோப்பை இறுதியில் ஷூட்-அவுட்டுக்கென்றே (ஆட்டம் சமனானால் வெற்றியைத் தீர்மானிக்கும் சுற்று) ஜெர்மனி இறக்கியது இந்த டானெபெர்க்கைத்தான். ஷூட்-அவுட்டில் அடிப்பவருக்கு இருப்பது 8 நொடி, எதிரே கோல்கீப்பர் மட்டும். 2025 அரையிறுதியில் டிராகன்ஸ் பெங்கால் டைகர்ஸிடம் தோற்றதும் ஷூட்-அவுட்டில்தான். அன்று வரை எங்கள் பேச்சில் ஹார்ட்டின் பெயரை யாரும் ஒரு தடவைகூட எடுத்ததில்லை.