கை ஊன்றாமல் எழ அம்மாவைப் பழக்கிய விதம்

"தினமும் வாசல் வரைக்கும் நடக்கிறேனே, போதாதாடா?" என்று கேட்டாள் அம்மா. போதவில்லை. 81 வயது. கழிவறையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் கூப்பிடுவாள். எழுந்திருக்கத் தொடையில் வலு வேண்டும். தசைக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்தால்தான் அது வரும். டாக்டரிடம் இதயம், பிரஷர், மூட்டு எல்லாம் காட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை ஆரம்பித்தோம்.

முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டது என் தப்பு. மொசைக் தரையில் சர்ரென்று பின்னால் போனது; பக்கத்தில் நின்றதால் பிடித்துவிட்டேன். கை வைத்த மர நாற்காலிதான் சரி, அதுவும் சுவரோடு ஒட்டி.

நுனிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதம் முட்டிக்குச் சற்றுப் பின்னால், நாற்காலிப் பக்கமாக இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போதுதான் அசல் வேலை: தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி இறங்க வேண்டும். அம்மாவையே சத்தமாக எண்ணச் சொல்வேன். வாய் எண்ணினால் மூச்சை அடக்க முடியாது.

முதலில் இருக்கையில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்தினேன். இரு கையும் ஊன்றி நாலு முறை. எட்டு முறை சுலபமானதும் ஒரு மடிப்பைக் குறைத்தேன். அப்புறம் ஒரு கை, அப்புறம் கையே இல்லை. பத்து வாரம் ஆயிற்று. சுலபமாக இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிட்டால் வலுவும் அங்கேயே நின்றுவிடும்.

1990இல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய 10 பேரை 8 வாரம் எடை தூக்கப் பழக்கினார்கள். முடித்த 9 பேருக்கும் சராசரியாக 174 சதவீதம் வலு கூடியது. படித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரங்க எலும்பு வேற" என்றாள்.

சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நிற்பது, இவையும் உண்டு. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மறுநாள் தொடை லேசாக வலித்தால் பரவாயில்லை. மூட்டு குத்தினால் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

உட்கார்ந்தபடி முழங்காலை நீட்ட, அரைக் கிலோ பச்சைப்பயறைத் துண்டில் முடிந்து கணுக்காலில் கட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை அதையே அவிழ்த்துச் சுண்டல் செய்துவிட்டாள். புரதமும் வேண்டியதுதானே, சாப்பிட்டோம். இப்போது முடிச்சில் மணல்.