கிட் ரெப்போவின் பழைய வரலாற்றைத் துடைப்பது: நான் ஒருமுறை சொதப்பிய பிறகு

வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து குடியாத்தம், ஆரணி போகும் பஸ்களின் நேரத்தைக் காட்டும் ஒரு சின்ன ஆப்பை நாங்கள் ஐந்து பேர் எழுதி, கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தோம். (கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட், அப்படிப் பதிந்த ஃபோல்டர் ரெப்போ, அதை ஏற்றி வைக்கும் தளம் கிட்ஹப்.) எங்களில் ஒரு பெண்ணின் மெயில் முகவரியிலேயே அவருடைய செல் நம்பர் இருந்தது. ராத்திரியில் யார் யாரோ போன் செய்ய ஆரம்பித்தார்கள். ஆப்பில் எங்கே தேடியும் அந்த முகவரி இல்லை, ஆனால் அவர் போட்ட ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்த மாற்றத்திலும்) இருந்தது. கமிட் பக்கத்தின் இணைய முகவரி முடியும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து ‘பேட்ச்’ என்று சேர்த்துப் பாருங்கள், பெயர், மெயில், தேதி, நேரம் எல்லாம் மேலேயே வந்து நிற்கும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் யார் யார் முகவரி வெளியே கிடக்கிறது என்று பாருங்கள்: ‘கிட் ஷார்ட்லாக் -எஸ்என்இ --ஆல்’. எங்கள் ஐந்து பேருக்கு ஒன்பது முகவரி வந்தது! அப்புறம் ‘கிட் குளோன் --மிரர்’ போட்டு ஒரு நகல் எடுத்து பென்டிரைவில் வையுங்கள். கூகுள் டிரைவில் ஏற்றிப் பகிர வேண்டாம், நாம் மறைக்க நினைப்பது முழுக்க அதில்தான் இருக்கிறது.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த இடத்தில். ‘கிட் செக்அவுட் --ஆர்ஃபன்’ போட்டு வரலாறே இல்லாத புதுக் கிளை (கமிட்டுகளின் தனி வரிசை) ஒன்று எடுத்து, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாக்கி, மெயின் கிளையின் மேல் ஃபோர்ஸ் புஷ் (அங்கே இருப்பதன் மேலேயே வலுக்கட்டாயமாக ஏற்றுவது) செய்தேன். கிட்ஹப் பக்கத்தில் ஒரே ஒரு கமிட்தான் தெரிந்தது, சரி முடிந்தது என்று காட்பாடியில் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தனை பழைய கமிட்டும் அப்படியே இருக்கிறது. குழுவில் ஒரு தம்பி புல் செய்திருக்கிறான் (கிட்ஹப்பில் உள்ளதைத் தன் கணினிக்கு இறக்கியிருக்கிறான்), தொடர்பில்லாத வரலாறுகளை இணைக்க முடியாது என்று கிட் மறுத்திருக்கிறது, இவன் நெட்டில் தேடி ‘--அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ்’ சேர்த்து இணைத்து புஷ்ஷும் பண்ணிவிட்டான். “அண்ணா, ஏதோ எர்ரர் வந்துச்சு, நான் சரி பண்ணிட்டேன்” என்றான். அவனைத் திட்டி என்ன பயன்?

அவன் செய்யாமல் இருந்திருந்தாலும் வேலை பாதிதான். பழைய கமிட்டின் நீண்ட எண் தெரிந்தவர் அந்தப் பக்கத்தை நேராகத் திறக்கலாம், டேக்குகளும் (ஒரு கமிட்டுக்கு வைத்த பெயர்கள்) மற்ற கிளைகளும் பழையதைப் பிடித்து வைத்திருக்கும், புல் ரிக்வெஸ்ட்டுகளின் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) கமிட்டுகளை நாமாக அழிக்கவே முடியாது, கிட்ஹப் ஆதரவுக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும்.

அதனால் சின்ன புராஜெக்ட் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய ரெப்போவையே டெலீட் செய்துவிட்டு புதிதாகத் தொடங்குங்கள். புராஜெக்ட் ஃபோல்டரை நகலெடுத்து, அதற்குள் மறைந்திருக்கும் ‘.கிட்’ ஃபோல்டரை நீக்கி, ‘கிட் இனிட்’ போட்டுப் புது வரலாறு தொடங்குங்கள். கமிட் செய்வதற்கு முன்னால் ‘கிட் கான்ஃபிக்’ மூலம் மெயிலை கிட்ஹப் தரும் நோ-ரிப்ளை முகவரியாக (நம் சொந்த மெயிலை மறைக்கும் முகவரி) மாற்றுங்கள். ரீட்மீ கோப்பிலும் ஒரு கண் வையுங்கள், எங்களுடையதில் ஒரு நம்பர் இருந்தது. புது ரெப்போவுக்கு வேறு பெயர் வைப்பது முக்கியம், பழைய பெயரே இருந்தால் குழுவில் யாரோ ஒருவரின் பழைய குளோனிலிருந்து (நகலிலிருந்து) எல்லாம் திரும்ப ஏறிவிடும். இஷ்யூக்களும் ஸ்டார்களும் போய்விடும், தேவையானதை முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஃபோர்க் செய்திருந்தால் (தங்கள் கணக்கில் நகலெடுத்திருந்தால்) அவர்களிடம் கேட்டு அழிக்கச் சொல்லத்தான் வேண்டும், அது நம் கையில் இல்லை.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். (சாமி இல்லாத கோயில் என்பது 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்ததோடு செல்லாமல் போனது.) வரலாறு இல்லாத ரெப்போவை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: வரலாறு வேண்டும், முகவரி மட்டும் மாற வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். வரலாற்றைத் திருத்தி எழுதும் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியை மெயில்மேப் கோப்போடு (எந்த முகவரிக்குப் பதில் எது என்ற பட்டியல்) ஓட்டுங்கள். அதே வேலைக்கான பழைய ஃபில்டர்-பிராஞ்ச் பக்கம் போகாதீர்கள், கிட்டின் கையேடே அதை வேண்டாம் என்கிறது. கமிட் செய்திக்குள் ‘கோ-ஆதர்ட்-பை’ (சேர்ந்து எழுதியவர்) வரியில் இருக்கும் முகவரி மெயில்மேப்பால் மாறாது, அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

இன்னொருவர், உழைத்தவர்களின் பெயர் போய்விடுமே என்றார். ஒரு கோப்பில் அவரவர் விரும்பிய பெயரை எழுதச் சொன்னோம். அந்தப் பெண் ‘பாலாறு’ என்று எழுதியிருக்கிறார்.