மந்த காலத்தில் கட்சி என்ன சொல்கிறது? எல்லையோரத்தில் கணக்குத் தவறும் இடங்கள்

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து வீடுகளில் மூன்று அரசாங்கங்களின் செய்தி ஒரே டிவியில் ஓடுகிறது: டெல்லி, திருவனந்தபுரம், சென்னை. சாதாரண நாளில் இதில் பெரிய குழப்பம் இல்லை. தொழில் படுத்து, கூலி குறைந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில்தான் சிக்கல். ஆளுங்கட்சி ‘பேக்கேஜ்’ என்கிறது, எதிர்க்கட்சி ‘வெறும் அறிவிப்பு’ என்கிறது. நாற்காலி மாறினால் வசனமும் மாறுகிறது. மந்த காலத்தில் அரசு செலவை ஏற்றவேண்டும் என்பதில் எந்தக் கட்சி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க 2020ஆம் ஆண்டின் கணக்குகளை எடுத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

தலைப்புத் தொகையை அப்படியே நம்புவது

பெரிய தவறு இதுதான். 2020 மே 12 அன்று கொரோனா பேக்கேஜ் என்று பிரதமர் நரேந்திர மோடி சொன்னது 20 லட்சம் கோடி ரூபாய். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஐந்து நாள் தவணை தவணையாக விவரித்து முடித்தபோது கூட்டுத்தொகை 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கியின் பணப்புழக்க நடவடிக்கைகள். வங்கிகளிடம் கடன் கொடுக்கப் பணம் இருக்கும்படி செய்வது அது. அரசின் பட்ஜெட் செலவில் சேராது. இன்னொரு 3 லட்சம் கோடி, சிறு தொழில்களுக்கான பிணையில்லாக் கடன். பணம் வங்கியுடையது, வாராக்கடன் ஆனால்தான் அரசு பொறுப்பு. கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலை நடத்துகிறவருக்கு அது மூச்சுவிட இடம் கொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பியை வாங்க ஆள் இல்லாதபோது கடனை வாங்கி அவர் என்ன உருக்குவார்? நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக ஒதுக்கிய 40,000 கோடி போன்றவைதான் நேரடிச் செலவு. மொத்தத்தில் அந்த வகை சிறிய பங்கு.

இதைச் சொன்னதும் இடதுசாரி நண்பர்கள் சிரிப்பார்கள். அதே கத்தரியைக் கேரளத்தின் பக்கமும் வைக்கவேண்டும். அதே ஆண்டு மார்ச் 19 அன்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தது 20,000 கோடி. நாட்டிலேயே முதலில் வந்த பெரிய அறிவிப்புகளில் ஒன்று. அதில் 14,000 கோடி, அரசு ஏற்கெனவே கொடுக்கவேண்டியிருந்த பாக்கி. 1,320 கோடி, இரண்டு மாத சமூகப் பாதுகாப்புப் பென்ஷனை முன்கூட்டிக் கொடுப்பது. 2,000 கோடி, குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பு வழியாகக் கடன். இன்னொரு 2,000 கோடி தொழிலுறப்புக்கு; நம் பக்கத்தில் தொழிலுறப்பு என்பதுதான் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலை, அதன் கூலி அப்போது டெல்லியிலிருந்து வந்தது. சுகாதாரத்துக்கு 500 கோடி. எந்தப் பென்ஷனும் வாங்காத ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 1,000 ரூபாய் கொடுக்க 100 கோடி, இலவச தானியத்துக்கு 100 கோடி, 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 50 கோடி.

குடும்பஸ்ரீக் கடனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துக் குழுவில் ஒரு பெண் 10,000 ரூபாய் வாங்குகிறார். பணம் வங்கியுடையது, அசலை அவர்தான் திருப்பிக் கட்டவேண்டும், வட்டியை அரசு ஏற்கிறது. வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டு அரசுக்குச் செலவு 900 ரூபாய். 2,000 கோடிக்கும் இப்படிப் போட்டால் ஆண்டுக்கு 180 கோடி. அறிவிப்பில் நிற்பதோ 2,000.

‘அப்படியானால் இரண்டுமே கண்துடைப்பு’ என்று எழுந்துபோவது அடுத்த தவறு. பாக்கியைத் தீர்ப்பது புதுப்பணம் இல்லைதான். ஆனால் எட்டு மாதமாக பில் பாஸாகாமல் கிடக்கும் சாலைக் கான்ட்ராக்டருக்குப் பணம் வந்தால் ஜல்லிக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அன்றே பட்டுவாடா ஆகும். பென்ஷன் விஷயமும் அப்படியே: இரண்டு மாதத் தொகை சேர்ந்து வந்த பாட்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை, ஆனால் ஊரே அடைத்துக்கிடந்த மாதத்தில் வந்தது. மந்த காலத்தில் எப்போது என்பது எவ்வளவு என்பதில் பாதி.

ஆகவே எந்தப் பேக்கேஜ் வந்தாலும் ஒரு தாளில் நான்காகப் பிரியுங்கள்: புதுச் செலவு, பாக்கியும் முன்பணமும், வரிக்குறைப்பு, கடனும் உத்தரவாதமும். எந்தக் குவியல் உயரம் என்பதில் கட்சியின் சுபாவம் தெரியும். பா.ஜ.க. அரசு கையில் ரொக்கம் கொடுக்கத் தயங்குகிறது. உற்பத்தி பக்கத்தைத் தாங்கிப்பிடிக்கிறது. கொரோனாவுக்கு முன்பே, வளர்ச்சி மெதுவான 2019 செப்டம்பரில் அது செய்தது கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது; அரசே சொன்ன வருவாய் இழப்பு 1.45 லட்சம் கோடி. 2020ல் ரொக்கமே கொடுக்கவில்லை என்பதும் சரியல்ல: பெண்களின் ஜன்தன் கணக்குகளுக்கு மாதம் 500 ரூபாய் என்று மூன்று மாதம் போட்டது. இடதுசாரிகள் பென்ஷன், ரேஷன், கூலி என்று வாங்கும் பக்கத்தைப் பிடிக்கிறார்கள். காங்கிரஸ் இரண்டையும் செய்து பார்த்த கட்சி. அது கீழே வருகிறது.

கடன் வாங்கும் அதிகாரம் யாரிடம் என்பதை மறப்பது

2020ல் மார்க்சிஸ்ட் கட்சி, வருமான வரி கட்டாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 7,500 ரூபாய் ஆறு மாதத்துக்கு வேண்டும் என்று கேட்டது. கேட்டது மத்திய அரசிடம். ‘கேரளத்தில் நீங்கள்தானே ஆள்கிறீர்கள், கொடுக்கவேண்டியதுதானே?’ என்ற கேள்வி பாலக்காட்டுச் சித்தூரின் டீக்கடைகள் வரை வந்தது.

கணக்குப் போடுவோம். 80 லட்சம் குடும்பம் என்று வைத்தால் மாதம் 6,000 கோடி, ஆறு மாதத்துக்கு 36,000 கோடி. கேரளத்தின் மொத்த உற்பத்தி அப்போது சுமார் 8 லட்சம் கோடி. இந்த ஒரு செலவே அதில் நாலரை சதவீதம். மாநிலம் ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய கடனின் வழக்கமான உச்சவரம்பு 3 சதவீதம். மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், அரசியல் சாசனத்தின் 293(3) பிரிவின்படி டெல்லியின் சம்மதம் இல்லாமல் புதுக்கடன் வாங்க முடியாது. 2020-21க்கு அந்த வரம்பை 5 ஆக்கினார்கள். அறிவித்தபோது, ஏற்றிய 2 சதவீதத்தில் அரை சதவீதம்தான் நிபந்தனை இல்லாதது. மற்ற ஒன்றரை, ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு, தொழில் தொடங்கும் நடைமுறை, மின் வினியோகம், நகராட்சி வருவாய் ஆகிய சீர்திருத்தங்களோடு கட்டப்பட்டது.

அதனால் ஒரு கட்சி டெல்லியிடம் கேட்பதையும் தன் மாநிலத்தில் செய்வதையும் ஒரே தராசில் போட முடியாது. இதையே எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கையில் இருந்த தொகையில் எதற்கு முன்னுரிமை கொடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

கட்சிப் பெயரோடு எல்லை தாண்டுவது

எல்லைச் செக்போஸ்டான வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், காங்கிரசும் மார்க்சிஸ்டும் ஒரே மேடையில் இருந்தார்கள். இந்தப் பக்கம் எதிரெதிர். ஆகவே தமிழ்நாட்டுத் தலைவர் கோவையில் பேசியதைக் கேரளக் கிளையின் நிலைப்பாடாக எடுத்தால் தப்பாகப் போகும். தி.மு.க. 2020ல் எதிர்க்கட்சியாக இருந்து குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கேட்டது; 2021ல் ஆட்சிக்கு வந்ததும் கொடுத்தது 4,000, இரண்டு தவணையாக. அதற்கு முன் அ.தி.மு.க. அரசு 2020 ஏப்ரலில் 1,000, 2021 பொங்கலுக்கு 2,500 கொடுத்தது. இரண்டு கழகமும் ரொக்க வழி. கேரளம் எல்லாக் கார்டுக்கும் மளிகைக் கிட் கொடுத்தது. ‘அங்கே நாலாயிரம், இங்கே ஒன்றுமில்லை’ என்ற பேச்சில் கிட்டின் விலையும், 2016ல் 600 ஆக இருந்து 2021ல் 1,600 ஆன பென்ஷனும் விடுபட்டுப்போகும். தமிழ்நாட்டுத் தொகை அரிசி கார்டுக்கு என்பதால் கேரளக் கார்டு வைத்திருந்தவருக்கு அது எப்படியும் வராது.

பணம் எங்கே போய்ச் செலவாகிறது என்று பார்க்காதது

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கே கண்முன் தெரிகிற விஷயம், ஆனால் கட்சிகளை எடைபோடும்போது யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. கேரள அரசு கொடுத்த பென்ஷனைக் கொண்டு ஒருவர் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போய் 800 ரூபாய்க்குச் சேலை எடுக்கிறார். ஜிஎஸ்டி 5 சதவீதம், 40 ரூபாய்: தமிழ்நாட்டுக்கு 20, மத்திய அரசுக்கு 20. கேரளத்துக்குப் பூஜ்யம். கடைக்காரரின் லாபமும், கடைப் பையனின் சம்பளமும் அந்தப் பக்கம்தான். அரிசியும் காய்கறியும் பெருமளவு வெளியிலிருந்து வாங்கும் மாநிலத்தில், மந்தத்தை எதிர்த்து மாநிலம் இறைக்கும் தண்ணீர் அடுத்த வயலுக்கும் பாய்கிறது. நாட்டின் எல்லைக்குள் எங்கே செலவானாலும் டெல்லிக்கு வரி உண்டு. மாநிலத்தை ஆளும் எந்தக் கட்சியும், கொடி எதுவானாலும், ‘மத்திய அரசு செலவு செய்யட்டும்’ என்று சொல்வதில் கொள்கையோடு இந்தக் கணக்கும் இருக்கிறது.

சின்னதாக இன்னொன்று: மந்தம் என்று பெயர் வைக்கும் நாளையும் உதவி தொடங்கும் நாளையும் ஒட்டவைப்பது. இரண்டு காலாண்டு தொடர்ந்து உற்பத்தி சுருங்கியது என்று புள்ளியியல் அலுவலகத்தின் கணக்கு காட்டியது 2020 நவம்பர் 27 அன்று. பேக்கேஜ்கள் மார்ச்சிலேயே வந்துவிட்டன. ‘அறிவிக்கும்வரை காத்திருப்போம்’ என்று எந்தக் கட்சியாவது சொன்னால் அது ‘செய்யமாட்டோம்’ என்பதற்கு மரியாதையான சொல்.

நல்ல காலத்தில் சொன்னதைத் தேடாதது

மந்தத்தில் செலவு செய்யாதே என்று சொல்லும் கட்சி அரிது. தேறிய பிறகு எப்போது நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு தெரியும். 2008 டிசம்பர் 7 அன்று காங்கிரஸ் தலைமையிலான அரசு உற்பத்தி வரியை 4 சதவீதப் புள்ளி குறைத்து, 20,000 கோடி கூடுதல் திட்டச் செலவையும் அறிவித்தது. 2009 பிப்ரவரியில் இன்னும் குறைத்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று பட்ஜெட்டில் போட்ட நிதிப் பற்றாக்குறை 6ஐத் தொட்டது. திரும்ப ஏற்றத் தொடங்கியது 2010 பட்ஜெட்டில், உற்பத்தி வரி 8லிருந்து 10. அதற்குள் விலைவாசி ஏறிவிட்டது, நிறுத்தத் தாமதம் ஆனது என்பது பா.ஜ.க.வின் பழைய குற்றச்சாட்டு; 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த வெள்ளை அறிக்கையிலும் அதை எழுதினார்கள். 2020ல் ரொக்கத்துக்குக் கை வராததற்குப் பின்னால் இந்தப் பயமும் இருந்தது. காங்கிரசோ 2019 தேர்தல் அறிக்கையிலேயே ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72,000 என்றது. 2020ல் மாதம் 7,500 கேட்டபோது அது திடீர்ப் பேச்சு இல்லை.

கடைசியாக, பட்ஜெட் உரையை மட்டும் படித்து முடித்துக்கொள்வது. பட்ஜெட் ஆவணத்தில் ஒரே செலவுக்கு மூன்று எண் வரும்: இந்த ஆண்டு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இரண்டு ஆண்டு கழித்து உண்மைக் கணக்கு. கட்சி மேடையில் பேசுவது முதல் எண். பார்க்கவேண்டியது மூன்றாவது. மாதாமாதம் பார்க்க வேண்டுமானால் சி.ஏ.ஜி. என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மாநில வாரியாக வெளியிடும் கணக்கில் மூலதனச் செலவு (சாலை, கட்டடம் போன்ற சொத்துகளுக்கான செலவு) என்ற வரிசையைப் பாருங்கள். மந்தம் வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

கேரளத்துக்கு இன்னொரு தாளும் வேண்டும். பாலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பலவும் கிஃப்பி (மாநில அரசின் கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம்) மூலம் கட்டப்பட்டன. அது 2019ல் லண்டனில் மசாலா பாண்டு (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) விற்று 2,150 கோடியை 9.723 சதவீத வட்டிக்குத் திரட்டியது. மந்தத்தை எதிர்க்க இதுவே எங்கள் வழி என்றது இடது முன்னணி. பட்ஜெட்டுக்கு வெளியே கடனை ஒளிக்கிறீர்கள் என்றன எதிர்க்கட்சிகள். பின்னர் மத்திய அரசு அந்தக் கடனையும் மாநில வரம்புக்குள் சேர்த்துக்கொண்டது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கிஃப்பித் தாளைச் சேர்த்து வைத்துப் பார்க்காமல் திருவனந்தபுரத்தின் மூலதனச் செலவு வரிசையை மட்டும் படித்தால், இடது முன்னணி உண்மையில் செலவழித்ததைவிடக் கஞ்சமாகத் தெரியும்; கடன் வரிசையை மட்டும் படித்தால், உண்மையில் இருப்பதைவிட யோக்கியமாகத் தெரியும்.