2.75 ஏன் 2 ஆனது?

பலர் சேர்ந்து சி++-இல் எழுதிவரும் எங்கள் கேம் எஞ்சினில், இரண்டு பேருடைய கணினியில் மட்டும், அதுவும் விளையாட்டின் லெவல்களை அமைக்கும் எடிட்டரில் திறந்தால் மட்டும், பொருள்கள் இடம் மாறி நின்றன. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினோம், கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்தோம், மூன்று நாள் போனதுதான் மிச்சம். அப்புறம் லெவல் கோப்பிலிருந்து படித்த எண்களை அச்சிட்டுப் பார்த்தால் 2.75 வெறும் 2, 0.5 சுழியம்!

அந்த இருவர் கணினியும் ஜெர்மன் அமைப்பில் இருந்தது. அதில் தசமத்துக்குக் காற்புள்ளி. சாதாரணமாக சி நிரல் இதைக் கண்டுகொள்ளாது, ஆனால் எடிட்டருக்காகச் சேர்த்த ஜன்னல் லைப்ரரி தொடங்கும்போதே, கணினியின் லொகேலை (மொழி, எண் எழுதும் முறை போன்ற வட்டார அமைப்பை) நிரலுக்குள் கொண்டுவரும் செட்லொகேலை (setlocale) அழைத்துவிடுகிறது, அதன்பின் ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, எண்ணாக்கும் ஸ்டிர்டாட் (strtod) புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும். விளையாட்டைத் தனியாக ஓட்டினால் சரியாக இருந்தது இதனால்தான். ஸ்டிர்டாட்டுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் சி++17-இன் ஃப்ரம்_சார்ஸுக்கு (from_chars) மாற்றினேன், அது லொகேலைப் பார்ப்பதே இல்லை. அப்பாடா, சரியாகிவிட்டது. எண்ணைக் கோப்பில் எழுதும் இடத்தையும், எண்ணை ஸ்டிரிங்காக்கும் டூ_சார்ஸாக (to_chars) மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் சேமித்த லெவல் மற்றவர்களிடம் உடையும்.