அலுவலக விபிஎன் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலிருந்து அலுவலக சர்வருக்குள் நுழைய விபிஎன் (இணையத்தின் வழியே போகும், பிறர் பார்க்க முடியாத தனிப்பாதை) வேண்டும் என்றதும், வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் செயலியைச் சந்தா கட்டி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. முதல் தவறே இதுதான். அந்தச் செயலி உங்கள் தரவை அதை விற்ற நிறுவனத்தின் சர்வர் வரைதான் மூடிக் கொண்டுபோகும். அலுவலக நெட்வொர்க்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உங்களுக்குத் தேவை அலுவலகப் பக்கம் ஒரு கேட்வே (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்கும் நுழைவாயில்), ஊழியரின் கணினியில் ஒரு கிளையன்ட் (அந்த நுழைவாயிலோடு இணையும் மென்பொருள்).

அடுத்தது, '256 பிட் குறியாக்கம்' (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை) என்ற வரியைப் பார்த்தே முடிவெடுப்பது. அதை இன்று கிட்டத்தட்ட எல்லோருமே தருகிறார்கள். பெரும்பாலும் உடைவது குறியாக்கம் அல்ல, வாசல். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் இணையத் தாக்குதலால் நாள்கணக்கில் நின்றுபோனது. தாக்கியவர்கள் உள்ளே வந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. பாஸ்வேர்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு இல்லை. அதனால் நான் முதலில் கேட்பது இவைதான்: இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்க முடியுமா? வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே, ஒரே இடத்தில் முடக்க முடியுமா? முடியாது என்றால் அந்த மென்பொருளை மேற்கொண்டு பார்ப்பதில்லை.

பழைய ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையை இயக்கிவிடாதீர்கள். அதன் பாதுகாப்பை உடைக்கலாம் என்று 2012லேயே செய்து காட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலான விபிஎன் முறைகளில் வயர்கார்டு, ஓப்பன்விபிஎன், ஐகேஇவி2 மூன்றும் நல்லவை. ஆனால் வயர்கார்டுக்குச் சாவிகளை (கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் குறியாக்கக் குறியீடுகளை) மட்டும்தான் தெரியும். பயனர் பெயர், ஓடிபி எல்லாம் தெரியாது. அவற்றைப் பார்த்துக்கொள்ள மேலே இன்னொரு மென்பொருள் வேண்டும்.

கேட்வே இணையத்தை நேராகப் பார்த்து நிற்பது. அதில் ஓட்டை தெரிந்தால் அன்றே தேடி வருவார்கள். 2024 தொடக்கத்தில் இவான்டி என்ற நிறுவனத்தின் விபிஎன் கருவிகளுக்கு நடந்தது இதுதான். அமெரிக்க அரசுத் துறைகள் அவற்றைக் கழற்றிவைக்க உத்தரவே வந்தது. எனவே அப்டேட் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, அதை உங்கள் பக்கம் யார் போடுவார் என்று வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

அப்புறம், சோதித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நாலைந்து பேரை வீட்டு வைஃபையிலிருந்து இணையச் சொல்லுங்கள். வீட்டு ரவுட்டரும் அலுவலகமும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே நெட்வொர்க் முகவரி வரிசையில் இருந்தால், கணினி சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும்; விபிஎன் இணைந்த பிறகும் சர்வர் திறக்காமல் போகலாம்.