மூலிகை ஆய்வுச் செய்தி கைக்கு வந்தால் எப்படிப் படிப்பது?

புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மருந்துச் சீட்டோடு கைபேசியையும் நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். "இந்தச் செடி கேன்சரை அழிக்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்களாம், அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" செடியில் என்ன இருக்கப் போகிறது என்று நான் தட்டிக்கழிப்பதில்லை. நாங்கள் தயாரித்து அனுப்பும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தைக் கண்டெடுத்தது பசிபிக் யூ மரத்தின் பட்டையில். அந்தப் பட்டையை ஆராய்ச்சிக்குச் சேகரித்தது 1962இல். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். செய்தியில் வரும் செடி அந்த 30 வருடப் பாதையில் எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், சோதனை எதன்மேல் நடந்தது என்று தேடுங்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லா, எலியா, மனிதரா? தட்டில் இருக்கும் செல்மேல் சாற்றை நேராக ஊற்றிவிடலாம். நாம் விழுங்குவதோ குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் கட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் பெரும்பாலும் அந்த வழியிலேயே நின்றுவிடுகிறது; இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. செல்லோடும் எலியோடும் முடிந்த ஆய்வை வைத்து அப்பாவுக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

மனிதர்களிடம்தான் நடந்தது என்றால் சரி, அடுத்து எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும்போது தோல் சிவந்து உரியும், சிலருக்கு ஈரப் புண்ணாகிவிடும். துணி படவே பயப்படுவார்கள். குர்குமின் இதைத் தணிக்குமா என்று 30 பேரிடம் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. சிலருக்குக் குர்குமின், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. குர்குமின் எடுத்தவர்களுக்குத் தோல் பாதிப்பு குறைவாக இருந்தது. ஒழுங்காகச் செய்த ஆய்வுதான். அதே குழு அப்புறம் 686 பேரிடம் மறுபடி செய்து பார்த்தது. 2018இல் வந்த முடிவு: தோல் பாதிப்பு குறையவில்லை. 30 பேரில் நாலைந்து பேருக்கு இயல்பிலேயே தாங்கும் தோலாக இருந்து, அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் விழுந்துவிட்டால்கூட முடிவு சாய்ந்துவிடும். 686 பேரில் அப்படி நடப்பது கடினம். முதல் ஆய்வை எனக்குக் காட்டியவர்கள் உண்டு, இரண்டாவதை ஒருவரும் காட்டியதில்லை. தங்கள் சொந்த முடிவையே திரும்பச் சோதித்து, பலன் இல்லை என்று வெளியிட்டவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. நீங்களும் தேடும்போது, அதே கேள்வியோடு பின்னால் பெரிய ஆய்வு ஏதாவது வந்ததா என்று சேர்த்துத் தேடுங்கள்.

கூடவே வேறென்ன கொடுத்தார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2012இல் 576 பேரின் முடிவுகளோடு வந்த இஞ்சி ஆய்வில், கீமோ ஏற்றிய முதல் நாள் குமட்டல் குறைந்தது உண்மை. ஆனால் அத்தனை பேரும் வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தையும் எடுத்தவர்கள். இஞ்சி இருக்கிறதே என்று அந்த மாத்திரையை நிறுத்துவதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஆய்வுகளில், எதை அளந்தார்கள் என்று கவனியுங்கள். பெருங்குடல் அறுவைக்குப் பிறகு காபி கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வு ஒன்று உண்டு, 80 பேர். காபி குடித்தவர்களுக்குச் சுமார் 60 மணி நேரத்தில் மலம் கழிந்தது, தண்ணீர் குடித்தவர்களுக்கு 74. நல்ல விஷயம்தான். ஆனால் 'சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்று தலைப்பு போட்டால் தப்பு. மருத்துவமனையில் தங்கிய நாட்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மருந்தாளுநராக எனக்கு அதிகம் கவலை தருவது, ஒரு மருந்து இன்னொன்றைக் கெடுப்பது. இரினோடெகன் என்ற கீமோ மருந்தும் ஒரு மரத்திலிருந்து பிறந்ததுதான். மனச்சோர்வுக்குப் பலர் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை அதோடு எடுத்தபோது, கீமோவின் செயல்படும் பொருள் இரத்தத்தில் 42% குறைந்தது. 2002இல் 5 பேரிடம் மட்டுமே பார்த்தது. இந்த விஷயத்தில் 5 பேர் என்று நான் ஒதுக்க மாட்டேன்: அதே ஆட்களை மூலிகையோடும் மூலிகை இல்லாமலும் அளந்தார்கள், தவறிப்போனால் இழப்பு சிகிச்சையே.

அதனால் சீசாவின் பின்பக்கத்தைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முன்னால் பெரிதாகக் குர்குமின் என்று இருக்கும், பின்னால் பைப்பரின் என்று ஒரு வரி இருக்கலாம். மிளகிலிருந்து எடுப்பது. குர்குமின் உடம்பில் சேர வேண்டும் என்றுதான் போடுகிறார்கள். கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளையும் பைப்பரின் தடுக்கக்கூடியது; கீமோ மருந்தின் அளவும் அதனால் மாறலாம்.

அறுவைக்குத் தேதி கொடுத்தவுடன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன பெயர், ஒரு வேளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தீர்கள். பூண்டு மாத்திரை, ஜின்கோ, ஜின்செங் என்ற மூலிகை மாத்திரைகள் மூன்றும் இரத்தம் உறைவதில் கை வைக்கக்கூடியவை. அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது மயக்க மருத்துவர்களிடையே வழக்கம். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்கும்போது பலர் மூலிகையைச் சொல்வதே இல்லை, அதை மருந்தாக நினைக்காததால். தாளை நீங்களாகவே நீட்டுங்கள். கீமோ நடுவில் புதிதாக எதையாவது சேர்க்க நினைத்தால், முதல் வேளைக்கு முன்னாலேயே சீசாவைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுங்கள்.