அன்ரெனாவைக் குறை சொல்லுமுன் கேபிளை அளந்து பாருங்கள்

எஸ்டபிள்யூஆர் மீற்றர் (அன்ரெனாப் பக்கமிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1க்குக் கிட்ட என்றால் நல்லது) 1.2 காட்டுகிறது, ஆனாலும் நாம் ரேடியோவில் கூப்பிடுவது யாருக்கும் கேட்கவில்லை. வன்னியில் மாரி முடிந்து தை மாதத்தில் இப்படி நடந்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேடியோவையும் அன்ரெனாவையும் இணைக்கும் கேபிள்தான். கொனெக்ரர் வழியாகத் தண்ணீர் இறங்கிய கேபிள் போகிற சக்தியையும் தின்னும், திரும்பி வருவதையும் தின்னும். திரும்பி வருவது குறைந்தால் மீற்றருக்கு எல்லாம் நல்லாய்த்தான் தெரியும்.

இதற்கு நான் பாவிப்பது நானோ விஎன்ஏ, அலைவெண்ணை மாற்றி மாற்றி அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் சின்னக் கருவி. கேபிள் அளக்க எஸ்டபிள்யூஆர் மீற்றரை நம்பவே மாட்டேன்.

அன்ரெனாவைக் கழற்றி, கேபிளின் நடுக்கம்பியையும் பின்னலையும் ஒருதரம் தொடவைத்துவிட்டுக் கருவியில் பூட்டுங்கள். சோளகம் வீசும் நாளில் கம்பியில் சேரும் மின்னேற்றம் கருவியைக் கொன்றுவிடும். மறுமுனை திறந்தே கிடக்கட்டும். வீச்சு, அதாவது கருவி அளக்கும் அலைவெண் எல்லை, 10 மீற்றர் கேபிளுக்கு 1 முதல் 10 மெகாஹேர்ட்ஸ். வீச்சை வைத்த பிறகுதான் கலிபிரேஷன் (தெரிந்த அளவுகளை வைத்துக் கருவியைச் சரிசெய்வது). திரையில் ஸ்மித் வரைபடம் என்ற வட்டத்தில், அலைவெண் ஏற ஏற, புள்ளி வலது ஓரத்தில் தொடங்கிக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி இடது ஓரத்தைத் தொடும். அங்கே ரியாக்டன்ஸ் (ஆடலோட்டத்துக்கு ரெசிஸ்ரன்ஸ் அல்லாத தடை) பூச்சியம், கேபிள் கால் அலைநீளம்.

தடுக்குவது இங்கேதான். ரியாக்டன்ஸ் பூச்சியமாகும் இடங்கள் பல உண்டு. வீச்சை 6 மெகாஹேர்ட்ஸில் தொடங்கினால் நீங்கள் முதலில் பிடிப்பது அரை அலைநீளமாக இருக்கும். சரியான இடத்தில் ரெசிஸ்ரன்ஸ் சில ஓம்தான். அரை அலைநீளத்தில் அது நூற்றுக்கணக்கில் ஏறி நிற்கும்.

கால் அலைநீளம் வந்த அலைவெண்ணை மெகாஹேர்ட்ஸில் எடுத்து, மீற்றர் கணக்கில் கேபிளின் நீளத்தால் பெருக்கி 75ஆல் வகுத்தால் வேகக் காரணி, அதாவது கேபிளில் அலை போகும் வேகம் ஒளி வேகத்தில் எத்தனை பங்கு என்பது. 10 மீற்றர் ஆர்ஜி-58க்கு (ரேடியோக்காரர் பாவிக்கும் மெல்லிய 50 ஓம் கேபிள்) 4.95 மெகாஹேர்ட்ஸ் அளவில் வரும்; 0.66. விடை 1ஐத் தாண்டினால் பிழையான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள், ஒளியை முந்தும் கேபிள் இல்லை.

அப்புறம் அந்த அலைவெண்ணில் பாதிக்குப் போங்கள். அங்கே தெரியும் ரியாக்டன்ஸ், கழித்தல் குறியை விட்டால், கேபிளின் இம்பீடன்ஸ் (கேபிளுக்கே உரிய ஓம் அளவு). ஆர்ஜி-58 என்றால் 50க்குக் கிட்ட.

கேபிள் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்ற இழப்புக்கு வீச்சை நீங்கள் பேசும் பாண்டுக்கு (அலைவெண் பகுதிக்கு) மாற்றி, திரும்பக் கலிபிரேஷன் செய்து, ரிட்டர்ன் லொஸ்ஸை, அதாவது போய்த் திரும்பி வருவதில் குறைந்த அளவை, பாதியாக்குங்கள். நல்ல ஆர்ஜி-58, 10 மீற்றருக்கு, 14 மெகாஹேர்ட்ஸில் அரை டெசிபல் அளவில் இழக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒருதரம் அளந்து எழுதி வைத்தால் தையில் ஒப்பிடலாம்.

பிற்சேர்க்கை: ரிவி அன்ரெனாவுக்கு விற்கும் ஆர்ஜி-6ஐ அளந்தவர்கள், இழப்புக் கோடு அலை அலையாக வருகிறது என்கிறார்கள். அது 75 ஓம் கேபிள், கருவி 50 ஓம். பக்கத்துப் பக்கத்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சராசரி எடுத்து, அதைப் பாதியாக்கினால் போதும்.